உள்ளங்காலில் ஒரு மேகம்

மெர்வின் நுவயௌமா பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவன். காலையில் பாலைவன மேட்டில் இருக்கிற பழங்குடி ஊர்களின் பிள்ளைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், சாயங்காலம் மணி அடிக்கும்வரை அவனைக் கேட்பார் இல்லை. மற்ற ஓட்டுநர்கள் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு குறட்டை விடுவார்கள். மெர்வின் பேருந்தின் கடைசி இருக்கைக்குப் போய், காலடியில் கோணிச் சாக்கை விரித்து, மடக்குக் கத்தியைத் திறப்பான். மடியில் ஒரு துண்டு பாப்ளார் மர வேர் இருக்கும். ஆற்றில் வெள்ளம் வந்து வடிந்தபின் கரையில் ஒதுங்கிக் கிடக்கிற வேர். கையில் எடுத்தால் எடையே தெரியாது. வேலை முடிந்ததும் ஒரு சிராய்கூட விடாமல் சாக்கோடு சுருட்டிக்கொண்டு போய் ஓடையில் உதறிவிட்டு வருவான். பார்க்கிறவர்கள் இவன் ஏதோ திருட்டு வேலை செய்கிறான் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

ஒரு வகையில் திருட்டு வேலைதான். ஏழு வயது மகள் மனாவின் கண்ணில் படாமல் செய்கிற வேலை.

வீட்டிலும் அவன் செதுக்குவான். அதில் ஒளிவுமறைவு கிடையாது. சமையலறை மேசையிலேயே வேர், அரம், உப்புத்தாள், வண்ணக் குப்பிகள் எல்லாம் பரந்து கிடக்கும். அவன் மனைவி லெனோரா சோளமாவு பிசைய இடம் கேட்டுத் திட்டிக்கொண்டே இருப்பாள். திட்ட அவளுக்கு உரிமை உண்டு. வீடு அவளுடையது, இந்த ஊரில் எல்லா வீடும் பெண்களுடையது. மேசையில் செய்வது கடைக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் விற்கிற கச்சினா பொம்மை. பேருந்தில் செய்வது மனாவுக்கு. இரண்டும் ஒரே வேர், ஒரே கை. ஆனால் இரண்டாவது, அவன் செய்தது இல்லை.

அது எப்படி என்றால், கச்சினாக்கள் என்கிற மழைத் தெய்வங்கள் குளிர்காலத்தில் ஊருக்கு வருகிறார்கள். ஆடிப் பாடி, மழைக்கும் விளைச்சலுக்கும் வழிசெய்துவிட்டு, ஜூலையில் பனிமலைக்குத் திரும்பிப் போகிறார்கள். போகிற அன்று ஊர்ச் சிறுமிகளுக்கு ஆளுக்கொரு பொம்மை கொடுத்துவிட்டுப் போவார்கள். பொம்மை அவர்கள் கைக்கு எப்படி வருகிறது என்பது பெரியவர்களுக்குத் தெரியும். சின்னவர்களுக்குத் தெரியாது. தலை கழுவிப் புதுப் பெயர் வைக்கிற சடங்கு நடந்த பிறகு அவர்களுக்கும் தெரியும். அந்தச் சடங்கில் என்ன சொல்வார்கள் என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இந்த ஊரில் எனக்கு யாரும் ஒரு வாய்க் காப்பிகூடக் கொடுக்கமாட்டார்கள். கொடுக்காமல் விடுவதும் நியாயம்தான்.

ஆகவே ஊரில் எந்தத் தகப்பனும், எந்தத் தாய்மாமனும், ராத்திரி பகலாகக் கண் எரிய உட்கார்ந்து செய்த பொம்மைக்கு அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு நன்றி வாங்கினது கிடையாது. நன்றி எல்லாம் மலைக்குப் போய்விடும். யாரும் இதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. மெர்வினும் சொன்னதில்லை. லெனோராவுக்கும் அவனுக்கும் கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தபோது, ஒரு ஜூலை மாதத்தில் ஒரு கச்சினா நேராக லெனோரா முன்னால் வந்து நின்று அவள் கையில் ஒரு சின்னப் பொம்மையை வைத்துவிட்டுப் போனார். அதை யார் செதுக்கினார்கள் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அடுத்த வசந்தத்தில் மனா பிறந்தாள். கடன்பட்டவனாக அந்த வீட்டில் நடமாடுகிறவன் அவன்; நன்றி கேட்கும் எண்ணம் அவனுக்கு எப்படி வரும்?

அவனுக்கு இருந்த கவலை வேறு. அவன் கை கொஞ்சம் பேர்போன கை.

மெர்வினின் பொம்மை ஒரு காலைத் தூக்கி ஆடும். தோளில் தசை புடைத்திருக்கும். இறகுகளைக்கூட மரத்திலேயே, வெயில் ஊடுருவுகிற அளவுக்கு மெலிதாகச் செதுக்கியிருப்பான். நூறு பொம்மைக்கு நடுவில் வைத்தாலும் இது அவனுடையது என்று கடைக்காரர் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். மேசையில் அதைப் பார்த்து வளர்ந்த மனா மட்டும் சொல்லமாட்டாளா? அதனால் மகளுக்குச் செய்யும்போது மெர்வின் தன் கையை மறைக்க வேண்டியிருந்தது. கால் குட்டையாக, நேராக. கைகள் வயிற்றோடு ஒட்டி. கடை வண்ணம் கிடையாது. வெள்ளைக் களிமண், செம்மண், பச்சைக் கல்லை அரைத்த பொடி. கெட்டிக்காரத்தனம் ஒன்றையும் காட்டாமல் செய்வது லேசு என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வருடமும் பழகின வளைவுக்கு ஓடுகிற கத்தியை இழுத்துப் பிடிப்பதிலேயே அவனுக்கு மணிக்கட்டு வலி வந்துவிடும்.

இத்தனை சாமர்த்தியமும் ஒரு பல் வைத்தியரால் வீணாய்ப் போகப் பார்த்தது.

டூசான் நகரத்தில் பல் பிடுங்கி ஓய்வு பெற்ற ஹால்வர்சன் என்று ஒருவர். நல்ல மனுஷன். வருடத்துக்கு இரண்டு தடவை பெரிய வண்டியில் வந்து இறங்குவார், வாசலிலேயே தொப்பியைக் கழற்றிவிடுவார், லெனோரா கொடுக்கிற எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார். அவர் வீட்டில் கண்ணாடி அலமாரிகள் நிறையக் கச்சினா பொம்மைகள் இருப்பதாகச் சொல்வார். முதல் தடவை வந்தபோதே பொம்மையைத் தலைகீழாகத் திருப்பிப் பாதத்தைப் பார்த்தார்.

"உங்க பேரு எங்கங்க?" என்றார்.

"எதுக்குப் பேரு? நான்தான் செஞ்சேன். உங்களுக்குத் தெரியுமே" என்றான் மெர்வின்.

"எனக்குத் தெரியும். எனக்கப்புறம் இதை வச்சிருக்கப்போறவனுக்கு யாரு சொல்றது?"

மெர்வின் யோசித்தான். பேரை எழுதக் கூச்சமாக இருந்தது. ஒரு ஆணியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பாதத்தில் அரைவட்டமாக ஒரு மேகம் போட்டு, அதன் கீழே மழைக்கு மூன்று கோடு இழுத்தான். நடுக்கோடு கொஞ்சம் நீண்டுவிட்டது. அதுவே அவன் குறியாகிவிட்டது. அதற்குப் பிறகு செய்த ஒவ்வொன்றிலும் கை தானாகப் போய் அதைப் போடும், வண்டியில் ஏறினால் கை தானாகக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல.

பல் வைத்தியர் பொம்மையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பாதத்தைப் பார்ப்பார். மனா அவரைப் பார்த்துப் பழகிக்கொண்டாள். கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்ப்பாள், கரண்டியைத் திருப்பிப் பார்ப்பாள். ஒருநாள் தூங்கிக்கொண்டிருந்த எல்வினாவின் பாதத்தைத் தூக்கிப் பார்த்து உதை வாங்கினாள். எல்வினா மெர்வினுக்கு அப்பாவின் தங்கை. அவளைப் பற்றிப் பிறகு வருகிறேன், சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்.

அந்த வருடம் ஜூலையில் பள்ளி விடுமுறை. பேருந்து பணிமனையில் நின்றது. மெர்வின் மனாவின் பொம்மையை மேட்டுக்குக் கீழே இருக்கிற சோள வயலுக்குக் கொண்டுபோய், பந்தலடியில் உட்கார்ந்து முடித்தான். பல் வைத்தியர் கேட்டிருந்த பொம்மையும் கூடவே வந்தது. இரண்டையும் ஒன்றாக வெயிலில் காயவைத்தான். காய்ந்ததும் முள் விறகு மூட்டி ஆணியைப் பழுக்க வைத்தான். அந்த நேரம் பார்த்துக் காக்கைக் கூட்டம் ஒன்று பிஞ்சுக் கதிரில் வந்து இறங்கியது. ஒரு கண் காக்கைமேல், ஒரு கண் நெருப்புமேல், வாய் முழுக்க வசவு. குறி போட்டான், கல்லை எடுத்தான், ஓடினான். அன்று சாயங்காலமே மகளின் பொம்மை போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் விடைபெறும் ஆட்டம். பொழுது இன்னும் சரியாக விடியவில்லை. விருந்தாளிகள் வருவார்களே என்று லெனோரா மேசையை ஒழித்துக்கொண்டிருந்தாள். பல் வைத்தியரின் பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றப்போனவள், பழக்கதோஷம், திருப்பிப் பார்த்தாள்.

"ஏய்யா, இதுக்கு மேகம் போடலையா?"

"போட்டேனே."

"எங்க? வழுவழுன்னு இருக்கு."

மெர்வின் காப்பிக் குவளையை வைத்துவிட்டு வந்து பார்த்தான். வெறும் பாதம். வயலும் காக்கையும் நெருப்பும் அவன் கண்முன்னால் வந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"போட்டேன்" என்றான் மறுபடியும். குரல் இறங்கியிருந்தது. "ஒண்ணுல போட்டேன்."

லெனோரா உள்ளறைக் கதவைப் பார்த்தாள். மனா அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள். லெனோரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போய் வாங்கிட்டு வந்துடேன்."

"என்ன பேசற? கிளம்பியிருப்பாங்க இந்நேரம்."

"அவ திருப்பிப் பார்ப்பாளே. எதைக் குடுத்தாலும் முதல்ல அடியைத்தான பார்க்கறா. அந்தப் பல் டாக்டர் நல்லாயிருப்பாரு!"

ஒருமுறை கையைவிட்டுப் போனதை எட்டிப் பிடித்துத் திரும்பக் கேட்பது இங்கே நடக்காத காரியம். யாரிடம் கேட்பது? என்னவென்று கேட்பது? மெர்வின் எழுந்து வாசல்வரை போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான்.

மனா அதைத் தன் அப்பா செய்தது என்று கண்டுபிடித்துவிட்டால் போகப்போவது ஒரு ரகசியம் மட்டும் இல்லை. எங்கோ தூரத்து மலையில் இருக்கிறவர்கள் தன்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள், பெயர் சொல்லித் தேடிவந்து கொடுக்கிறார்கள் என்று ஒரு பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கிறதே, அந்த நினைப்புப் போய்விடும். சரியான வயதில், சரியான ஆட்கள் பக்கத்தில் இருந்து, சொல்லவேண்டிய விதத்தில் சொன்னால் அது போகாது, வேறொன்றாக வளரும் என்பார்கள். ஆனால் ஏழு வயதில், கூரைமேல் நின்றுகொண்டு, ஒரு ஆணிக் குறியைப் பார்த்துத் தெரிந்துகொண்டால்? பக்கத்தில் நிற்கிற வாண்டுகளுக்கெல்லாம் கூவிச் சொல்லிவிட்டால்?

ஊர்ச் சதுக்கத்தைச் சுற்றிக் கூரைகளெல்லாம் ஆட்கள். அந்த வருடம் மெர்வினும் கூரைமேல்தான் இருந்தான். மற்ற வருடங்களில் எங்கே இருப்பான் என்று கேட்கக் கூடாது. எதிர்க் கூரையில் மனா, தலைவாரி, சிவப்புச் சால்வை போர்த்தி, மற்றச் சிறுமிகளோடு நின்றாள். மெர்வின் பக்கத்தில் எல்வினா வந்து இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அறுபது தாண்டிய மனுஷி. நம் பக்கத்தில் அத்தை மகளுக்கு இருக்கிற கேலி உரிமையெல்லாம் இங்கே அத்தைக்கே உண்டு. மெர்வின் கல்யாணத்தில் எல்வினாவும் அவள் தங்கைகளும் வாளிவாளியாகச் சேற்றைக் கொண்டுவந்து, எங்கள் பையனைத் திருடிவிட்டீர்கள் என்று லெனோரா வீட்டார்மேல் வாரிப் பூசினார்கள். அந்தச் சண்டையை எல்வினா இன்னும் முடித்துக்கொள்ளவில்லை.

"என் ராசா ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கான்?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டாள். "அவ காலையில கஞ்சி ஊத்தலையா? என்னைக் கட்டியிருந்தா இப்படி வத்திப்போக விட்டிருப்பேனா?"

பின்வரிசையிலிருந்து லெனோரா சொன்னாள்: "இப்பவே கூட்டிட்டுப் போங்க அத்தை. அவரு அழுக்குத் துணி மூட்டையையும் சேர்த்துக் குடுத்தனுப்புறேன்."

கூரை முழுக்கச் சிரித்தது. மெர்வின் சிரிக்கவில்லை. எல்வினா அவன் முகத்தை ஒருதரம் கூர்ந்து பார்த்துவிட்டு, கேலியை நிறுத்தி, அவன் முழங்கால்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

சூரியன் எட்டிப் பார்க்கிற நேரத்தில் கச்சினாக்கள் வந்தார்கள். கை நிறைய வேரோடு பிடுங்கிய பச்சைச் சோளத் தட்டைகள், அந்த வருடத்தின் முதல் கதிர்கள், கோரைத் தண்டில் கட்டிய பொம்மைகள். சலங்கை ஒலியும் காலடி ஓசையும் தவிர வேறு சத்தமில்லை. உயரமான ஒருவர் ஏணியேறி நேராக மனாவிடம் போனார். கோரைத் தண்டை நீட்டினார். மனா இரண்டு கையாலும் வாங்கி, "அஸ்குவலி" என்றாள். பெண்கள் சொல்கிற நன்றி அது. ஆண்களுக்கு வேறு சொல் இருக்கிறது, குவாக்வாய்.

மெர்வின் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தான்.

மனா பொம்மையின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒருவேளை தப்பித்தோம் என்று மெர்வின் நினைத்த நொடியில், அவள் அதைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்படியே நின்றாள். கட்டைவிரலால் பாதத்தைத் தடவினாள். பிறகு தலைதூக்கி, கூரை கூரையாக யாரையோ தேடினாள். அப்பாவின் கண்ணில் கண் பட்டதும் நிறுத்திக்கொண்டாள்.

யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பொம்மையைச் சால்வைக்குள் வைத்து மூடிக்கொண்டாள். காலை முழுக்க அவள் ஆட்டத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடி ஆட்டத்தைப் பார்த்தாள். போலீஸ்காரர் பார்க்கிற பார்வை.

மத்தியானம் கச்சினாக்கள் இளைப்பாறப் போனதும் ஊர் சாப்பிட வீட்டுக்குப் போனது. லெனோரா வீட்டில் ஆட்டுக்கறியும் சோளமும் போட்ட குழம்பு, தட்டுத் தட்டாக நீலச் சோள ரொட்டிச் சுருள், தர்பூசணி. வந்தவர்கள் தின்றார்கள், போனார்கள். மெர்வினுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. கடைசி விருந்தாளி போனதும் மனா மேசையைத் தானே துடைத்தாள். அலமாரியிலிருந்து விற்பனைக்கு வைத்திருந்த ஒரு பொம்மையை எடுத்து வைத்தாள். பக்கத்தில் தன் பொம்மையைக் கிடத்தினாள்.

"அப்பா, இங்க வந்து உக்காரு."

வந்து உட்கார்ந்தான். லெனோரா அடுப்புப் பக்கம் திரும்பி, காலியான பானையைக் கிண்ட ஆரம்பித்தாள்.

"இது யாரு செஞ்சது?" அலமாரிப் பொம்மை.

"நான்."

"இது?"

மெர்வின் தொண்டையைச் செருமினான். "அது உனக்கு இன்னைக்குக் காலையில குடுத்தது."

"அதான் எனக்குத் தெரியுமே. நான்தான வாங்கினேன்." இரண்டையும் கவிழ்த்தாள். "இங்க பாரு, மேகம். இங்கயும் மேகம். மூணு கோடு, மூணு கோடு. நடுக்கோடு நீளம், இதுலயும் நடுக்கோடு நீளம்."

"ஆமா."

"மழுப்பாம சொல்லு. நான் காலையிலேர்ந்து யோசிச்சிட்டு இருக்கேன்."

லெனோராவின் கரண்டி நின்றுவிட்டது.

"மேகம் யாரோடது?" என்றாள் மனா.

"கச்சினாக்களோடது."

"மழை?"

"அதுவும் அவங்களோடதுதான்."

"அப்போ இது அவங்க குறி." குரல் நடுங்கியது; கோபம். "அவங்க குறியைப் பார்த்து நீ எழுதியிருக்க. எழுதிட்டு, பல் டாக்டர் வந்தா 'இது என் குறி'ன்னு சொல்ற. நீ சொன்னதை நான் கேட்டேன்."

மெர்வின் இரண்டு பாதங்களையும் மாறி மாறிப் பார்த்தான். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் சட்டென்று நகர்ந்தது. நகர்ந்த இடத்தில் சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஏதோ ஒன்று பொங்கியது.

"சொன்னேன்" என்றான்.

"அவங்ககிட்ட கேட்டியா, போட்டுக்கவான்னு?"

"கேக்கல."

"நன்றியாவது சொன்னியா?"

"...இல்லம்மா."

"இத்தனை பொம்மைக்கு ஒரு தடவைகூடவா?"

"ஒரு தடவைகூட இல்ல."

அந்த நேரத்தில் எல்வினா மிச்ச ரொட்டி வாங்கிப்போகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "யாருடி அது, என் புருஷனை மிரட்டுறது?"

"இவரு கச்சினாவோட குறியைச் சொல்லாம எடுத்துட்டாரு" என்றாள் மனா, பாதத்தை நீட்டிக்காட்டி.

எல்வினா பாதத்தைப் பார்த்தாள். மெர்வினைப் பார்த்தாள். லெனோராவின் குலுங்கும் முதுகைப் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு வராமல் நின்றதை அன்றுதான் அந்த வீடு பார்த்தது. ஆனால் அவள் லேசுப்பட்டவள் இல்லை. ஒரு மூச்சில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, கையை இடுப்பில் வைத்தாள்.

"அடப்பாவி" என்றாள் மெர்வினிடம். "எடுக்கிறவன் சொல்லிட்டுல்ல எடுக்கணும்? இப்படி வளர்த்துட்டாளே உங்கம்மா!"

மனாவுக்கு ஆள்பலம் கிடைத்துவிட்டது. "அதோட, அவங்க செஞ்சதுதான் அழகு" என்றாள். "நேரா நிக்குது, பேசாம நிக்குது. உன்னோடது எப்பப் பாரு காலைத் தூக்கிட்டே நிக்குது. அதுக்குக் கால் வலிக்காது?"

பத்திரிகையில் பெயர் வந்த கை, கண்ணாடி அலமாரிகளில் இடம்பிடித்த கை, தன்னிடமே தோற்றுப்போய் மேசைமேல் கிடந்தது. மெர்வின் தன் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாகத் தோற்றதில்லை.

"இப்ப என்ன செய்யட்டும்?" என்றான்.

"சாயங்காலம் அவங்க போயிடுவாங்க. அப்புறம் குளிருக்குத்தான் வருவாங்க. அதுக்குள்ள வந்து சொல்லு. நானும் கூட வரேன்."

வெயில் சாய்ந்தபோது ஆட்டம் முடிந்தது. பெரியவர்கள் விடைகொடுத்தார்கள். கச்சினாக்கள் வரிசையாக ஊரைவிட்டு மேற்கே நடந்தார்கள். பாதையோரத்தில், வேண்டிக்கொண்டு தூவுகிற சோளமாவைக் கையில் ஒரு பிடி வைத்துக்கொண்டு மெர்வின் நின்றான். அவன் இன்னொரு கையை மனா பிடித்திருந்தாள். ஓடிவிடுவான் என்று சந்தேகம்போல.

மகளைச் சமாதானப்படுத்தத்தான் வந்தான். வந்து நின்றபோது அது மாறிவிட்டது. காலையிலிருந்து, இவள் அவர்களை இழந்துவிடப் போகிறாளே என்று பயந்துகொண்டிருந்தான். இவளோ அவர்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அப்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? வேரை வெள்ளம் கொண்டுவந்தது. வெள்ளம் மழையால் வந்தது. செம்மண்ணும் பச்சைக்கல்லும் அவன் உண்டாக்கினது இல்லை. அந்த உருவங்களை அவன் கற்பனை செய்யவில்லை, பார்த்தான், பார்க்கக் கொடுத்துவைத்தது. பக்கத்தில் நின்று கையை இறுக்கிப் பிடித்திருக்கிற இவளும்கூட வந்தவள்தான். தன்னுடையது என்று அவன் போட்டது அந்த ஒரு குறி. அதுவும் மேகம். பல் வைத்தியர் வாசலில் நின்று நன்றி சொல்லும்போதெல்லாம் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டானே, அதை ஒரு தடவையாவது மேலே அனுப்பினானா?

கடைசி ஆள் கடந்தபோது மெர்வின் மாவை வாயருகே கொண்டுபோய் மூச்சுவிட்டு, பாதையில் தூவினான். "குவாக்வாய்" என்றான். பாதிதான் வெளியே வந்தது.

"கேக்கல" என்றாள் மனா.

"குவாக்வாய்!" என்றான் உரக்க. கண்ணிலிருந்து நீர் இறங்கியது, துடைக்கவில்லை.

வரிசை மேட்டின் விளிம்பில் இறங்கி மறைந்தது. மனா கொஞ்சநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் வருகிறதா என்று கேட்பதுபோல. பிறகு அவன் கையை விட்டாள்.

"சரி, இனிமே நீ போட்டுக்கலாம்" என்றாள். "ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அன்று மழை பெய்யவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் பெயருக்குக் கொஞ்சம் தூறிவிட்டுப் போனது. பல் வைத்தியர் வந்தபோது அவருடைய பொம்மையில் மேகம் இருந்தது. மனா முன்னிலையில், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுப் போட்டது. உங்கள் குறி ரொம்ப அழகு என்றார் அவர். "எங்களோடது இல்லைங்க, கேட்டு வாங்கினது" என்றாள் மனா. அவர் அதை என்னவென்று எடுத்துக்கொண்டாரோ, சிரித்துக்கொண்டே இன்னொரு ரொட்டிச் சுருளை எடுத்தார்.

இரண்டு குளிர்காலம் போனது. ஒன்பது வயதில், பிப்ரவரி மாதத்தில், மனாவுக்குச் சடங்கு நடந்தது. தலை கழுவினார்கள், புதுப் பெயர் வைத்தார்கள். தெரிந்துகொள்ளவேண்டியதைத் தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வருடாவருடம் வாங்கிச் சுவரில் தொங்கவிட்ட பொம்மைகளையும் பார்க்கவில்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், கூப்பிட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள்.

"விடு, அவளுக்கு நேரம் வேணும்" என்றாள் லெனோரா.

மெர்வின் தலையாட்டினான். ஆனால் பழைய பயம் திரும்பி வந்திருந்தது. மேட்டின் விளிம்பில் உரக்க நன்றி சொன்னது அவளுக்கு இப்போது எப்படித் தோன்றும்? அப்பா நம்மை ஏமாற்றினார் என்றா? அன்று அவன் அழுதது நடிப்பு என்று நினைத்துவிடுவாளோ? அது நடிப்பு இல்லை என்று அவனால் எந்த வாயால் சொல்ல முடியும்?

சடங்கு முடிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை. பேருந்து பள்ளி வாசலில் நின்றது. பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு குதித்து இறங்கினார்கள். மனா எல்லோரையும் முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக வந்தாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். அவனைப் பார்க்கவில்லை, முன்கண்ணாடியைப் பார்த்தாள்.

"அஸ்குவலி" என்றாள் மெதுவாக.

மெர்வினின் கை ஸ்டியரிங்கில் அப்படியே நின்றது. "எதுக்கும்மா?"

"எதுக்கோ. சொல்லாம எடுத்துக்கக் கூடாதுல்ல."

சொல்லிவிட்டு, பையை முதுகில் ஏற்றிக்கொண்டு, படியில் குதித்து, தோழிகளைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடிவிட்டாள். பின்னால் நின்ற பேருந்துக்காரர் ஒருதரம் ஹாரன் அடித்தார். மறுபடி அடித்தார். பிறகு இறங்கி வந்து, உடம்பு சரியில்லையா என்று ஜன்னலைத் தட்டிக் கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கேன்" என்றான் மெர்வின். "ரொம்ப நல்லா இருக்கேன்."